இருபத்து நாலாம் தேதி வராத வீடு

மலேசியாவின் யோங் பெங் டவுனில், தாமான் மெலாத்தி குடியிருப்பில், மூன்றாவது சந்தின் கோடியில் இருக்கும் பச்சைக் கேட் வீட்டுக்கு 2018-ஆம் ஆண்டின் டிசம்பர் இருபத்து நாலாம் தேதி வரவில்லை. மற்ற வீடுகளுக்கெல்லாம் வந்தது. வலப்பக்கத்துச் சீனர் வீட்டுக்கு வந்தது, இடப்பக்கத்தில் சதாசிவம் வீட்டுக்கு வந்தது, சந்து முனையில் படுத்துக்கிடக்கும் சொறிநாய்க்குக்கூட வந்தது. பச்சைக் கேட்டுக்கு உள்ளே மட்டும் இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம், மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்த வேளை, அப்படியே நின்றுவிட்டது. சுவர்க் கடிகாரத்தின் முள் ஏழைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றது. பேட்டரியை மாற்றிப் பார்த்தார்கள், அசையவில்லை. வாசலில் தொங்கிய காகித நட்சத்திரத்துக்குள் பல்பு எரிந்துகொண்டே இருந்தது, ஆனால் மின்சார மீட்டர் சுற்றவில்லை. மீட்டர் பார்க்க வந்தவர் அதைக் கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, போன மாதத்துக் கணக்கையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இத்தனைக்கும் காரணம் ஒரு பலாப்பழம். அது நல்மேய்ப்பர் சபையில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில்தான் நம் சபையார் கெட்டிக்காரர்கள்.

நல்மேய்ப்பர் சபை சின்ன சபை. ரப்பர்த் தோட்டங்கள் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி ஆள் குறைந்தபோது டவுனுக்கு வந்த குடும்பங்கள் சேர்ந்து, டயர்க் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்டுக் கட்டிக்கொண்ட கோயில் அது. இளசுகள் பாதிப் பேர் சிங்கப்பூரில். மிச்சம் இருப்பவர்கள் வருஷத்தைப் பண்டிகையால் அளப்பவர்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டு ஜெபம் நடக்கும். யார் வீட்டில் டீயோடு வடை கிடைக்குமோ அந்த வீட்டில் பக்தி சற்று அதிகமாக இருக்கும். குருத்தோலை ஞாயிறுக்குத் தென்னங்குருத்து கிடைக்காத வருஷம் செம்பனை ஓலையைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடி, முள் குத்தி, அந்த வாரம் முழுக்க விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு திரிவார்கள். பெரிய வெள்ளிக்குக் கஞ்சி. ஈஸ்டருக்கு விடிவதற்கு முன்னால் கல்லறைத் தோட்டம். ஜூனில் பிள்ளைகளின் வேதாகமப் பள்ளி. அதற்கப்புறம் அறுப்பின் பண்டிகை. அறுக்க ஒருவருக்கும் வயல் கிடையாது என்றாலும் பண்டிகையை விட்டதில்லை.

அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம். வாழைத்தார், பூசணி, உயிர்க்கோழி, கேக் என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து பலிபீடத்தின் முன்னால் வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். இதில் இந்தச் சபைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கோயில் வளாகத்துப் பலாமரத்தின் முதல் பழத்தை ஏலம் எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பணத்தைக் கட்டிவிட்டுப் பழத்தைச் சபைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது மறுபடி ஏலத்துக்கு வரும், மறுபடி ஒருவர் எடுப்பார், அவரும் திருப்பிக் கொடுப்பார். இப்படியே மத்தியானம் வரை பழம் கைமாறிக்கொண்டே இருக்கும். கடைசியில் அது யார் வாயிலும் போகாது. இரண்டு நாள் கழித்துக் கோயில் பின்புறம் அழுகி, ஈ மொய்த்து, கோயில் காவல்காரர் அதைப் புதைப்பார். இதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் ரோலண்ட். சபைக் கமிட்டியின் தலைவர், பாடகர் குழுவின் தலைவர், தபால் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்தில்லாமல் அந்தக் கோயிலில் மெழுகுவத்தி கூட எரியாது.

2018-ஆம் ஆண்டு அந்தப் பலாப்பழத்தை ஏழெட்டுச் சுற்றுக்குப் பிறகு எடுத்தவள் ஜாக்லின். பச்சைக் கேட் வீட்டுக்காரி, பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பாக்கிங் வேலை, மூக்குக்கு மேல் கோபம். எடுத்தவள் திருப்பிக் கொடுக்கவில்லை. கைப்பையிலிருந்து கத்தியை எடுத்தாள், கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டாள், கோயில் படியில் உட்கார்ந்து பழத்தை இரண்டாகப் பிளந்தாள். ஒரு பாத்திரத்தில் சுளைகளை எடுத்து மூடிக்கொண்டு, மீதியை வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தாள். டயர்க் கடைப் பையன்களும் வாங்கித் தின்றார்கள். ரோலண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் அப்பா காலத்து வழக்கம், சபைக்கு நஷ்டம், ஒழுங்கு என்று ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையாகி, எல்லோரும் பார்க்கச் சத்தம் போட்டார். ஜாக்லின் கத்தியைத் துடைத்துக்கொண்டே ஒன்றைத்தான் சொன்னாள்.

“பழம் சாப்பிடத்தானே அண்ணே? சுத்தி விடுறதுக்கா?”

அந்தப் பாத்திரத்துச் சுளை யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. அவள் புருஷன் திமோத்தி, செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டியவர், மூன்று மாதமாகச் சாப்பாட்டைத் தொடாமல் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காலையில்தான், கோயில் மரத்துப் பலாச்சுளை ஒன்று கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று வாய்விட்டுக் கேட்டிருந்தார். இதைச் சொல்லியிருந்தால் ரோலண்டே அரிந்து கொடுத்திருப்பார். ஆனால் ஜாக்லின் கெஞ்சிக் கேட்கிற ஜாதியில்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஜோகூர் பாரு ஆஸ்பத்திரியில் ஈரலைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இவர் புதுவருஷத்தைப் பார்க்க மாட்டார் என்று சொல்லிவிட்டார். அதையும் அவள் சபையில் யாரிடமும் சொல்லவில்லை.

கேரல் சுற்றிலும் இந்தச் சபைக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ரோலண்டின் அப்பா, பெக்கோக் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், மேய்ப்பர் பாட்டு என்று ஒன்று எழுதிவைத்தார். மேய்ப்பர்கள் வயலை விட்டுக் கிளம்பி நடந்து பெத்லகேம் வந்து சேர்கிற பாட்டு. நாலு சரணம், கடைசியில் ஆமென். டிசம்பரில் வேன் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அதைப் பாடுவார்கள். பாடி முடித்து ஆமென் சொன்ன பிறகுதான் அந்த வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் வந்ததாக அர்த்தம். அதுவரை அந்த வீட்டில் பலகாரத்தைத் தொடக்கூடாது. ரோலண்ட் ஒரு பாட்டைப் பாதியில் விட்ட மனிதரில்லை. நாய் துரத்தினாலும், மழை கொட்டினாலும், வீட்டுக்காரர் தூங்கிவிட்டாலும் நாலு சரணத்தையும் முடித்துவிட்டுத்தான் அக்கார்டியனை மூடுவார். இருபது வருஷமாக அந்த வேனில் சிவப்பு அங்கி போட்டுக் கிறிஸ்துமஸ் தாத்தாவாகக் குதித்தவர் திமோத்தி. அவருக்குப் பிள்ளை இல்லை. சபைப் பிள்ளைகள் முழுக்க அவருடைய பஞ்சுத் தாடியைப் பிய்த்து வளர்ந்ததுகள். அந்த வருஷம் உடம்பு முடியாமல் அங்கியைக் கொடுத்தனுப்பிவிட்டு, தாமான் மெலாத்திக்கு வேன் வரும் இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு, முன்கதவைத் திறந்துவைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜாக்லின் அதிரச மாவை முந்தாநாளே பிசைந்து புளிக்கவைத்திருந்தாள். மறுநாள் காலையில் சுட வேண்டும்.

வேன் வந்தது. மூன்றாவது சந்துக்குள் திரும்புகிற இடத்தில் வேகம் குறைந்தது. முன் சீட்டில் இருந்த ரோலண்ட், நேரமாகிவிட்டது, நேராகப் போகலாம் என்றார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதோடு சரி. வேனின் சிவப்புப் பின்விளக்கு தூறலில் தூரமாகிப் போவதைத் திமோத்தி நாற்காலியிலிருந்து பார்த்தார். அப்போது கடிகாரம் நின்றது.

கிறிஸ்துமஸ் காலையில் ஜாக்லின் வேலைக்குப் போகிற சட்டையோடு கோயிலுக்கு வந்தாள். வாழ்த்துச் சொல்லிக் கைகொடுத்தவர்களிடம், எங்கள் வீட்டுக்கு இன்னும் வரவில்லை என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டாள். கோபத்தில் பேசுகிறாள் என்று நினைத்தார்கள். அவளுக்குமே முதலில் அது கோபமாகத்தான் இருந்தது. அதிரசம் சுடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தால் நெருப்பு எரிகிறது, எண்ணெய் காயவில்லை. மாவு புளிப்பு ஏறாமல், காயாமல், வைத்தது வைத்தபடி இருந்தது. கேஸ் சிலிண்டர் தீரவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள், சதாசிவத்தின் மனைவி, விஷயம் தெரிந்ததும் கொஞ்சமும் அசரவில்லை. அவள் வீட்டு ஐஸ்பெட்டி பழுதாகியிருந்தது. ஒரு சட்டிப் பாலைக் கொண்டுவந்து ஜாக்லின் சமையலறையில் வைத்துவிட்டுப் போனாள், நாலு நாள் கழித்து வந்து எடுத்துக் காய்ச்சினாள், திரியவில்லை. அதற்குப் பிறகு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டிய மல்லிகைச் சரம், மெர்சிங்கிலிருந்து தம்பி கொடுத்தனுப்பும் மீன் எல்லாம் அந்த வீட்டில்தான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். நின்றுபோன வீட்டில் வைத்ததும் லாபம் என்று பேச்சியம்மாள் கண்டுபிடித்தாள்.

அந்த வாரமே திமோத்தி செய்தித்தாள் எடுக்கக் கேட்டைத் தாண்டி இரண்டு அடி வைத்தார். அங்கேயே குனிந்து இரத்தமாக வாந்தி எடுத்தார். ஜாக்லினும் சதாசிவமும் தூக்கி உள்ளே கொண்டுவந்து நாற்காலியில் போட்டதும் அவருக்கு இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிட்டது. லேசான வலி, தெளிவான புத்தி, சுத்தமான சட்டை. ஜனவரி வந்தது, பிப்ரவரி வந்தது. டவுன் கிளினிக் டாக்டர் வந்து நாடி பார்த்தார், மறுவாரமும் வந்து பார்த்தார், முந்தின வாரத்து நாடியே இருந்தது. சரி, எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு ஜாக்லின் சமையலறையில் நின்று வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான். புதுவருஷம் வந்தால்தானே அவர் அதைப் பார்க்காமல் போவார்? வரவே விடக்கூடாது என்று முடிவு செய்தாள். இத்தனை நாளாக யாரைத் திட்டிக்கொண்டிருந்தாளோ அவர்கள் செய்த அவமானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

2019 டிசம்பரில் சபைப் பெண்கள் ரோலண்டை உலுக்கி எடுத்துவிட்டார்கள். திமோத்தியின் உடம்பு பற்றியும் அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பலாச்சுளை யாருக்காக என்று தெரிந்த நாளிலிருந்து ரோலண்டுக்குத் தூக்கமில்லை. சுற்றின் முதல் வீடாகப் பச்சைக் கேட்டுக்கே வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அக்கார்டியனைத் திறந்தார். ஜாக்லின் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு உள்ளே நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தோம் என்றார்கள். மன்னித்துவிட்டேன், போங்கள் என்றாள். ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போகிறோம் என்று ரோலண்ட் சொன்னதும் குழாயைத் திறந்து அக்கார்டியன்மேல் அடித்தாள்.

“பாடாதீங்க. பாடினா மறுநாள் வந்துடும்.”

ரோலண்டுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் நனைந்த அக்கார்டியனை மூடிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தார். அடுத்த இரண்டு வருஷம் கோவிட் காரணமாகக் கேரல் சுற்றே கிடையாது. சபையார் கைத்தொலைபேசியில் பாடி அனுப்பினார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் கொஞ்சம் கரகரப்போடு வந்தது. ஜாக்லின் டிசம்பர் முழுக்கத் தன் தொலைபேசியை அணைத்து, பேச்சியம்மாள் வீட்டு அரிசி டின்னுக்குள் போட்டு வைத்தாள். ஊரெல்லாம் மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்தபோது, புதுவருஷத்தைப் பார்க்க மாட்டார் என்ற மனிதர் தாமான் மெலாத்தியில் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார். வயதும் ஏறவில்லை. ஜாக்லினுக்கு ஏறியது. அவரைவிட இரண்டு வயது சின்னவள், வேலைக்கும் கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்து, வெளியே ஓடிய வருஷங்களையெல்லாம் தலையில் நரையாக வாங்கிக்கொண்டு அவரைப் பிடித்தாள், பிறகு தாண்டினாள். தாண்டிய நாளிலிருந்து திமோத்தி அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு அடிக்க வருவாள்.

2022-இல் புதுப் பாஸ்டர் வந்தார், லெஸ்லி என்று, இளவயது, இறையியல் கல்லூரி வாசனை மாறாதவர். பொறுப்பேற்ற மாதத்திலேயே பிரசங்க மேடையில் காலங்களைப் பற்றிப் பேசினார். காலங்கள் கடவுளின் கையில் இருக்கின்றன, எந்த வீட்டுக் கேட்டும் அவற்றைத் தடுத்து நிறுத்தக்கூடாது, ஒரு சகோதரனுக்குப் பண்டிகையை மறுப்பது பாவம் என்றார். பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லாத் தலையும் நாலாவது பெஞ்சுக்குத் திரும்பியது. ஜாக்லின் எழுந்து நின்றாள். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து நிற்பது அந்தக் கோயிலில் அதுவரை நடந்ததில்லை.

“உங்க வீட்டுக்கு நாள் வருது, போகுது, பாஸ்டர். எங்க வீட்டுக்கு வந்தா அது தனியா வராது. பின்னாலயே ஒண்ணு வரும். அத நீங்க வாசல்ல நிறுத்திக்குவீங்களா? சொல்லுங்க, நாளைக்கே கேட்டத் தொறந்து வைக்கிறேன்.”

பாஸ்டர் தண்ணீர் குடித்தார். அன்றைக்குப் பிரசங்கம் சீக்கிரம் முடிந்தது. ஜாக்லினுக்குப் பிடிவாதம் என்று சிலர் சொன்னார்கள், வேறு சிலர் அவள் இடத்தில் நாமாயிருந்தால் கேட்டையே எடுத்துவிட்டுச் சுவர் வைத்திருப்போம் என்றார்கள். பாதிச் சபை அவள் பக்கம் வந்துவிட்டது. ஆனால் இத்தனை பேரும் பேசிய பேச்சில் ஒருவரும் திமோத்தியைக் கேட்கவில்லை.

கேட்டது லெஸ்லிதான். 2023 லெந்து காலத்தில் ரோலண்டையும் கூட்டிக்கொண்டு பச்சைக் கேட் வீட்டுக்கு வந்தார். பலாப்பழச் சண்டைக்குப் பிறகு ரோலண்ட் அந்த வாசற்படி ஏறியது அப்போதுதான். வெளியே மண்டை பிளக்கிற வெயில், உள்ளே தூறல் சத்தம். ஜாக்லின் சமையலறையில் இருந்தாள், காது இங்கேதான். திமோத்தி இருவரையும் உட்காரச் சொன்னார், ரோலண்டைப் பார்த்துச் சிரித்தார், அக்கார்டியன் காய்ந்துவிட்டதா என்று விசாரித்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று பாஸ்டர் கேட்டதற்கு, உடம்பு அப்படியே இருக்கிறது, அதுதான் கஷ்டம் என்றார். பசிக்கவில்லை, தூங்கினால் அசதி போவதில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வேன் வருமா வராதா என்ற அந்த ஒரு எண்ணத்திலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்றார். வேனுக்காகக் காத்திருப்பது ஒரு சாயங்காலத்துக்குச் சரி, அதற்குமேல் மனிதனால் தாங்க முடியாது என்றும் சொன்னார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, அவளுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

“மாவ வாசன புடிச்சிக்கிட்டே கெடக்கேன், அக்கா. ஒரு அதிரசம் தின்னுட்டுப் போறேனே.”

ஜாக்லின் வெளியே வந்தாள். போறேன் என்ற சொல்லை இன்னொரு தடவை சொன்னால் மாவைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டிவிடுவேன் என்றாள். வந்தவர்கள் இருவரும் செருப்பைத் தேடினார்கள். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. குருத்தோலை ஞாயிறு போனது, பெரிய வெள்ளி போனது, ஈஸ்டர் போனது, பிள்ளைகள் வேதாகமப் பள்ளியில் காகிதப் படகு செய்து முடித்தார்கள், பச்சைக் கேட் வீட்டில் அதே சாயங்காலத்தில் இரண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்பு இல்லாமல் இல்லை. அன்பு அதிகமாகிப்போனதுதான் கஷ்டம்.

அந்த வருஷத்து அறுப்பின் பண்டிகையில் பலாமரம் நன்றாகக் காய்த்திருந்தது. முதல் பழத்தை ரோலண்ட் ஏலத்துக்குத் தூக்கினார். ஒருவர் எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். இன்னொருவர் எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். பழம் சுற்றிக்கொண்டே இருந்தது. வாசனை கோயில் முழுக்க நிறைந்து, தேனீ இரண்டு வந்துவிட்டன. ஜாக்லின் ஏலம் கேட்கவில்லை. நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை கையாக மாறிப் போவதை, யாரும் தொட்டுத் தின்னாததை, பக்கத்தில் ஒரு இடம் கறுத்து இளகத் தொடங்கியிருப்பதை. பக்கத்தில் இருந்தவர்கள் சொல்வது, அன்றைக்குத் தான் கேட்ட கேள்வியையே யாரோ திருப்பிக் கேட்டு அறைந்த மாதிரி அவள் முகம் ஆயிற்று என்று. எழுந்து முன்னால் போனாள். ரோலண்ட் அவளைப் பார்த்ததும் தொகை சொல்வதை நிறுத்திவிட்டார். பழத்தைக் கீழே வைத்தார், உள்ளே போய்க் கத்தியும் எண்ணெயும் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அப்பா காலத்து வழக்கம் அத்தோடு முடிந்தது. இப்போது அந்தச் சபையில் முதல் பழத்தை யார் எடுத்தாலும் அங்கேயே அரிந்து தின்கிறார்கள்.

அவள் பாத்திரத்தில் சுளையோடு வீட்டுக்குப் போய்த் திமோத்தி முன்னால் வைத்தாள். அவர் தின்றார். மாதக்கணக்கில் முதல்தடவையாக அவரைப் பார்த்துப் பேசினாள். டிசம்பரில் வேனை வரச் சொல்லப்போகிறேன் என்றாள். சொல்லிவிட்டு உடனே ரோலண்ட் வீட்டுக்கு நடந்தாள். நடந்த தூரத்தில் அவளுடைய பழைய குணம் திரும்பிவிட்டது. கொடுக்கிறது என்று ஆகிவிட்டது, கேட்ட விலைக்கா கொடுப்பார்கள்? ஏலத்தில் நின்று பழகிய பெண் அவள்.

“பல்லவி, ஒரு சரணம். அதுக்கு மேல ஒரு வார்த்த வரக்கூடாது, ஆமென் வரவே கூடாது. மிச்சத்த அடுத்த வருஷம் பாடுங்க.”

ரோலண்ட் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பாட்டைப் பாதியில் நிறுத்துவதா? அவர் அப்பாவின் பாட்டையா? மேய்ப்பர்களை நடுவழியில் விட்டுவிட்டு வேனில் ஏறுவதா? நிறுத்திவிட்டுப் போகத் தெரியாதவரா நீங்கள் என்று ஜாக்லின் கேட்டாள், 2018-இல் பாடாமலே போனீர்களே. ரோலண்ட் சரி என்று தலையை ஆட்டினார். பாஸ்டர் லெஸ்லி சபை விதிகளைப் புரட்டிப் பார்த்தார். பேராயர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாமா என்று கமிட்டியில் ஒருவர் இழுத்தார். கேட்டால்தானே வேண்டாம் என்பார்கள், கேட்க வேண்டாம் என்று பாஸ்டரே சொல்லிவிட்டார். ஒரு பாட்டை ஒரே வருஷத்தில் பாடி முடிக்க வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை என்பதும் அவர் கண்டுபிடித்ததுதான். அன்றையிலிருந்து அவர் நம் ஆள் ஆகிவிட்டார்.

2023 டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி வேன் மூன்றாவது சந்துக்குள் திரும்பியது. கேட் திறந்திருந்தது. சதாசிவமும் பேச்சியம்மாளும் சீனர் வீட்டாரும் வெளியே வந்து நின்றார்கள். திமோத்தியின் பழைய சிவப்பு அங்கியை அவர் மடியில் போட்டார்கள். குழு பல்லவியைப் பாடியது, முதல் சரணத்தைப் பாடியது. மேய்ப்பர்கள் எழுந்து, கம்பளியை உதறி, கோலை எடுத்தார்கள். அந்த இடத்தில் ரோலண்ட் கையைத் தூக்கினார், எல்லோரும் நிறுத்தினார்கள். அக்கார்டியன் அரை மூச்சில் நின்றது. அவர் அடுத்த சுரத்தை அழுத்தவில்லை. உள்ளே கடிகாரத்தின் முள் கிளம்பி ஓடியது, ஓர் இரவு முழுவதையும் ஓடிக் கடந்து, விடியற்காலையில் நின்றது. திமோத்தி ஓர் இரவின் வலியைக் கண்மூடிக்கொண்டு ஒரே நேரத்தில் பட்டார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. தூறல் சத்தம் நின்றது. ஜன்னலில் வெளிச்சம் வந்தது, வெளியே இருட்டிக்கொண்டிருந்தபோது. டிசம்பர் இருபத்து நாலாம் தேதி பச்சைக் கேட் வீட்டுக்கு வந்தது. ஜாக்லின் சமையலறைக்குப் போனாள். அதிரசம் சுட வேண்டிய காலை வந்துவிட்டதால் எண்ணெய் காய்ந்தது. முதல் ஈட்டு அதிரசம் வெந்து வர, ஆவி பறக்கத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். திமோத்தி ஒன்றைத் தின்றார். இன்னொன்றைத் தின்றார். கொஞ்சம் தித்திப்பு குறைச்சல் என்றார். அஞ்சு வருஷம் ஊறின மாவுக்கு இந்தப் பேச்சா என்று அவள் கேட்டாள், கேட்டபடியே அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

ஒரு சரணத்துக்கு ஓர் இரவு போய்விடுகிறது என்றால் பாட்டு சீக்கிரம் முடிந்துவிடுமே என்று கவலைப்பட்டவர் ரோலண்ட். இரவு முழுக்க யோசித்து, சரணம் நீளமாக இருப்பதால்தான் கடிகாரம் அவ்வளவு ஓடியது என்று கண்டுபிடித்தார். புதிதாக இரண்டு வரிச் சரணங்கள் எழுத உட்கார்ந்தார். அப்பாவின் பாட்டில் மேய்ப்பர்கள் நேராகப் பெத்லகேமுக்குப் போய்விடுவார்கள். மகனின் பாட்டில் அவர்கள் அவ்வளவு லேசில் போவதில்லை. 2024-இல் ஒரு ஆட்டுக்குட்டியைக் காணோம் என்று திரும்பி நடந்தார்கள். பச்சைக் கேட் வீட்டில் காலை எட்டரை ஆனது. போன டிசம்பரில் ஆறு பெருகிவிட்டதால் கரையில் உட்கார்ந்து தண்ணீர் வடியக் காத்திருந்தார்கள். பத்து மணிக்குக் கொஞ்சம் குறைவு. வருகிற டிசம்பருக்கு அவர்களை யோங் பெங்கில் பஸ் நிற்கிற இடத்தில் இறக்கி டீ குடிக்கவைப்பதா, வழி தவறி மெர்சிங் கடற்கரைக்கே போகவைப்பதா என்று கமிட்டியில் விவாதம் நடக்கிறது. ஆளுக்கு ஒரு சரணம் கொண்டுவருகிறார்கள். சதாசிவம்கூட ஒன்று சொன்னார், அதில் ஒரு மேய்ப்பனுக்கு முள் குத்திவிடுகிறது. எழுதியாகிவிட்டவை ஒரு தலைமுறைக்குக் காணும். ரோலண்ட் இப்போதெல்லாம் பாடகர் குழுவுக்குப் பாடக் கற்றுக்கொடுப்பதைவிட நிறுத்தக் கற்றுக்கொடுப்பதுதான் அதிகம்.

டாக்டர் சொன்னது பொய்யாகவில்லை. திமோத்தி புதுவருஷத்தைப் பார்க்கமாட்டார்தான். அந்தப் புதுவருஷம் முதலில் இந்தச் சபையின் பாடகர் குழுவைத் தாண்டி வரட்டும். வெளியே நரைத்துப்போன ஜாக்லின் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இருபத்து நாலாம் தேதிக் காலை வெயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதிரசம் தின்கிறாள். அக்கா என்று கூப்பிட்டால் இப்போது அடிப்பதில்லை. இன்னும் இரண்டு மூன்று டிசம்பரில் அந்த வீட்டில் மத்தியானம் ஆகும் என்று ரோலண்ட் சொல்லியிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோழி வேண்டும், நல்ல நாட்டுக்கோழியாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள் என்று அவள் சந்தைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.